கொலு பார்க்கில் காவலுக்கு நின்ற ஏட்டையா யார்?

கேள்வி இதுதான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பாட்டி வீட்டை இடிப்பதற்கு முன் பரணைக் காலி செய்திருக்கிறார்கள். கொலுப் பெட்டியின் அடியில், செட்டியார் பொம்மைக்கும் கை உடைந்த பரசுராமருக்கும் நடுவே, ஒரு சின்ன பிளாஸ்டிக் ஆள். இரண்டு தீப்பெட்டியை நெட்டுக்குத்தலாக அடுக்கிய உயரம். அகல விளிம்பு வைத்த தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மீசை, முன்னால் துருத்திய தாடை, புஜம் ஒவ்வொன்றும் சுரைக்காய் மாதிரி. வலது கையில் கட்டைவிரல் இல்லை. இடுப்புக்குக் கீழே கழன்று தனியாக வந்துவிட்டது. மாமா இதை "ஏட்டையா" என்று கூப்பிட்டு, கொலு பார்க் வாசலில் காவலுக்கு நிறுத்துவாராம். இது யார், ஃபன்ஸ்கூல் பொம்மையா, நிஜமாகவே வாழ்ந்த மனிதர் என்று ஒருவர் சொல்கிறாரே உண்மையா, சரிசெய்ய முடியுமா, விலை போகுமா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பெரிதாகப் போகாது. பெட்டி இல்லை, கையில் இருந்த பொருள் இல்லை, விரல் இல்லை, இடுப்பு இல்லை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் யாராவது எடுத்தாலும் தபால் செலவுக்கும் அதற்கும் சரியாகப் போய்விடும். "லட்சத்துக்குப் போகும்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அடுத்து அவர் இரிடியம் கலசத்தைப் பற்றிப் பேச வருவார். ஜாக்கிரதை.

இனி ஆள் யார் என்று பார்ப்போம். நீங்கள் சொல்லும் தாடையும் தொப்பியும் கண்ணாடியும் ஒன்றாக இருப்பது ஒரே ஒருவருக்குத்தான்: சார்ஜன்ட் ஸ்லாட்டர். ஆமாம், நிஜ மனிதர். சொந்தப் பெயர் ராபர்ட் ரீமஸ். 1948-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் பிறந்தவர். தொழில், மேடை மல்யுத்தம். ராணுவத்துக்குப் புதிதாக வந்த பையன்களை வெயிலில் ஓடவிட்டு, காது சவ்வு கிழியக் கத்தும் டிரில் மாஸ்டர் வேடம் அவருடையது. அந்த வேடத்துக்குத்தான் தொப்பி, விசில், கண்ணாடி எல்லாம். எதிராளியின் கழுத்தையும் கையையும் பின்னாலிருந்து பூட்டி அடக்கும் அவருடைய பிடிக்குப் பெயர் 'கோப்ரா கிளட்ச்'. இந்தப் பெயரை ஞாபகத்தில் வையுங்கள், உடனே தேவைப்படும்.

பொம்மை ஜி.ஐ. ஜோ வரிசையைச் சேர்ந்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி 1982-இல் மூன்றே முக்கால் அங்குல உயரத்தில் இந்த வரிசையை இறக்கியது. கதையில் நல்லவர்கள் ஜோக்கள். கெட்டவர்களின் படைக்குப் பெயர் கோப்ரா. கோப்ராவோடு சண்டை போடும் படைக்கு, 'கோப்ரா கிளட்ச்' போடும் ஒரு மல்யுத்தக்காரரை வாத்தியாராகக் கொண்டுவந்தார்கள். திட்டம் போட்டுச் செய்தார்களோ இல்லையோ, பொருத்தம் பத்துக்குப் பத்து.

அப்போது அவர் டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற மல்யுத்தக் கம்பெனியில் பெரிய நட்சத்திரம். 1984 கடைசியில் அங்கிருந்து வெளியேறினார். இந்தப் பொம்மை ஒப்பந்தத்தை ஒட்டித்தான் முட்டிக்கொண்டது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஏ.டபிள்யூ.ஏ என்ற இன்னொரு கம்பெனியில் போய் மல்யுத்தம் ஆடிக்கொண்டே, 1985-இல் பொம்மையானார். அந்தச் சின்ன அளவு வரிசையில் நிஜ மனிதர் ஒருவரை வைத்து வந்த முதல் பொம்மை அதுதான். கார்ட்டூனில் அவர் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்ததும் அவரே.

முதல் பொம்மை கடையில் கிடைக்காது. மற்ற பொம்மைகளின் அட்டையில் அச்சாகியிருக்கும் சின்னக் கொடிச் சின்னங்களைக் கத்தரித்துச் சேர்த்து, கம்பெனிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அவர்கள் பொம்மையை அனுப்பிவைப்பார்கள். நம்மூரில் சோப்பு உறை, டீத்தூள் உறை சேர்த்து டம்ளர் வாங்கிய கதைதான். 1986-இல் 'ட்ரிபிள் டி' என்ற குட்டி டாங்கியோடு அவரை ஓட்டுநராக உட்காரவைத்து விற்றார்கள். 1988-இல் 'வார்ட்ஹாக்' என்ற கவச வண்டியோடு இன்னொரு முறை வந்தார். நடுவில் 1987-இல் 'சார்ஜன்ட் ஸ்லாட்டரின் ரெனிகேட்ஸ்' என்று அவர் பேரைத் தாங்கி மூன்று பேர் ஒரே அட்டையில் வந்தார்கள். ஆனால் அந்த மூவரில் அவர் இல்லை. பெயர் மாப்பிள்ளைக்கு, பந்தி ஊருக்கு.

உங்களிடம் இருப்பது டாங்கியோடோ வண்டியோடோ வந்ததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அட்டை கத்தரித்து அமெரிக்காவுக்குத் தபால் போட்டு வாங்கிய குடும்பம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். ஸ்லாட்டருக்கு டபிள்யூ.டபிள்யூ.எஃப் பொம்மையும் உண்டு, அதையும் ஹாஸ்ப்ரோதான் செய்தது, 90-களின் தொடக்கத்தில். அது இதைவிட உயரம், இரண்டு மடங்கு பருமன், உள்ளே ஸ்ப்ரிங் வைத்து ஒரு அசைவு மட்டும் செய்யும். முழங்கால் மடங்காது. உங்களுடையது இடுப்பில் கழன்றது என்கிறீர்கள். அந்த ஒரு குறையே அது ஜி.ஐ. ஜோ என்பதற்குச் சாட்சி. ஏன் என்று கீழே வருகிறது.

நிஜ மனிதரைப் பொம்மையாக்குவது நமக்கு ஒன்றும் புதுசில்லை. கொலுப்படியில் மீனாட்சி கல்யாணத்துக்குக் கீழே காந்தியும் நேருவும் பாரதியாரும் நிற்கவில்லையா? ஆனால் ஸ்லாட்டர் பொம்மையில் ஒரு வினோதம் உண்டு. காந்தி பொம்மை காந்தியின் பொம்மை. இது ராபர்ட் ரீமஸின் பொம்மை இல்லை. அவர் போட்ட வேடத்தின் பொம்மை. எனக்கு இது புரிந்தது எங்கள் சேலத்தில் குகை என்கிற பகுதியில்தான். ஆடி மாசம் மாரியம்மன் பண்டிகைக்கு அங்கே வண்டி வேடிக்கை நடக்கும். அலங்கரித்த வண்டிகளில் முருகனாகவும் சிவனாகவும் காளியாகவும் வேஷம் கட்டி, ஊர் முழுக்க நின்று பார்க்க, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து வருவார்கள். போன வருஷம் எங்கள் தெரு முனையில் முறுக்குப் போடுகிறவர் ஐயனாராக வந்தார். ஜனம் கும்பிட்டது ஐயனாரை. மறுநாள் அவரிடம் முறுக்குக்குப் பாக்கி கேட்டுச் சண்டை போட்டது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ரீமஸின் சங்கடம், அவர் வண்டியிலிருந்து இறங்கவே முடியவில்லை என்பது.

இந்தச் சங்கடம் எங்கள் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்லாமல் எனக்கு இந்தப் பொம்மையைப் பற்றி எழுத வராது.

எங்கள் வீட்டு ஸ்லாட்டரும் கொலு பார்க்கில்தான் நின்றார். அவர் வந்த வழி குவைத். சித்தப்பா அங்கே ஒரு வெளிநாட்டு எஞ்சினியர் வீட்டில் டிரைவர். அந்த வீட்டுப் பையன் வளர்ந்து, விளையாடி அலுத்த சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, "ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்குக் கொண்டுபோ" என்று கொடுத்திருக்கிறார்கள். 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்தது. மூன்று மாதச் சம்பள பாக்கி, வாங்கிவைத்த டேப் ரெக்கார்டர், அம்மாவுக்கு எடுத்த புடவை எல்லாம் அங்கேயே. பாக்தாத் வழியாக ஜோர்டானின் அம்மான் வரை பஸ்ஸில் போய், கூடாரத்தில் கிடந்து, ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய். அந்த இரண்டு மூன்று மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அம்மானிலிருந்து ஏற்றி வந்தார்கள். சித்தப்பா அதில் ஒருவர். அட்டைப்பெட்டியை எங்கேயோ விட்டுவிட்டார். பாஸ்போர்ட் வைத்திருந்த துணிப்பையில், பீடிக்கட்டோடு, இந்த ஒரு பொம்மை மட்டும் தப்பியிருந்தது. அதை எடுத்து வைத்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

அவர் வந்து சேர்ந்தது நவராத்திரியில். வீட்டில் கொலு. எனக்கு ஒன்பது வயசு. பையைக் கவிழ்த்ததும் விழுந்த பொம்மையை நான் நேராகக் கொண்டுபோய் பார்க்கில் நிறுத்தினேன். கேழ்வரகு முளைவிட்ட புல்தரை, கண்ணாடித் துண்டில் குளம், செங்கல்தூள் பாதை, பாதையின் வாசலில் இவர். பாட்டி பார்த்துவிட்டு, "கூர்க்கா நல்லா இருக்கான்" என்றாள். ஒன்றரை வருஷம் அவர் எங்களுக்குக் கூர்க்காதான்.

ஆளைக் கண்டுபிடித்தது டிரம்ப் கார்டில். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பையன் பையிலும் டபிள்யூ.டபிள்யூ.எஃப் கார்டுக் கட்டு இருந்த காலம். ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ், ஃபைட்ஸ் வொன், ரேங்க் என்று கத்திக்கொண்டே ஒருத்தன் கார்டை ஒருத்தன் பிடுங்குவோம். ஒரு நாள் என் கைக்கு வந்த கார்டில் அதே தாடை. மத்தியானச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து பொம்மையை எடுத்து கார்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் கூர்க்காவாக நின்றவர், கார்டில் எடையோடும் நெஞ்சளவோடும் நின்றார். பொம்மைக்கு ஒரு எடை இருக்கிறது, அது எங்கேயோ ஒரு மனுஷனின் எடை என்பது அந்த வயசில் சாதாரண விஷயம் இல்லை.

அதற்குப் பிறகு கேசட் தேடினேன். நாலு ரோட்டில் ஒரு கடையில் மல்யுத்த வீடியோ கேசட் வாடகைக்குக் கொடுப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டெக்கும் கேசட்டும் சேர்த்து எடுத்தோம். தெருவே எங்கள் வீட்டுக் கூடத்தில். ரெஸில்மேனியா 7. 1991 மார்ச் 24-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது. நாங்கள் பார்த்தது அதற்கு ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து. கடைசிச் சண்டை ஹல்க் ஹோகனுக்கும் சாம்பியனுக்கும். அந்தச் சாம்பியன் நம் ஸ்லாட்டர்.

அவர் ஈராக் கொடியோடு வந்தார்.

நடந்தது என்னவென்றால், 1990-இல் ஸ்லாட்டர் பழைய கம்பெனிக்கே திரும்பினார். அமெரிக்க ராணுவ வாத்தியார் வேடத்தை அப்படியே தலைகீழாகப் புரட்டி, ஈராக்குக்கு ஆதரவாகப் பேசும் துரோகி வேடத்தைக் கொடுத்தார்கள். கூடவே ஜெனரல் அட்னான் என்று ஒரு துணை. அவர் உண்மையிலேயே ஈராக்கில் பிறந்தவர். 1991 ஜனவரி 17-இல் வளைகுடாவில் குண்டுவீச்சு தொடங்கியது. ஜனவரி 19-இல், இரண்டே நாளில், மயாமியில் அல்டிமேட் வாரியரைத் தோற்கடித்து ஸ்லாட்டரைச் சாம்பியன் ஆக்கினார்கள். நிஜப் போர் தொலைக்காட்சியில் ஓட ஓட, அதே போரை வைத்து டிக்கெட் விற்றார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கம்பெனி செய்த அசிங்கமான காரியங்களில் இது ஒன்று. பழியெல்லாம் ரீமஸ் தலையில் விழுந்தது. கொலை மிரட்டல் வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். முருகன் வேஷம் கட்டுகிறவரை அடுத்த வருஷம் சூரபத்மன் வேஷம் கட்டச் சொன்னால் நம் ஊரில் யாரும் கல் எறிய மாட்டார்கள். அங்கே எறிந்தார்கள்.

எங்கள் கூடத்தில் இது எதுவும் யாருக்கும் தெரியாது. சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், கொடியைப் பார்த்ததும் எழுந்து உள்ளே வந்தார். "யார்றா இவன்?" என்றார். நான் பெருமையாகச் சொன்னேன்: "நீங்க வாங்கிட்டு வந்த பொம்மைதான் சித்தப்பா." அவர் நின்றபடியே பார்த்தார். நடுவில் ஸ்லாட்டர், கீழே கிடக்கும் ஹோகன் மேல் ஈராக் கொடியைப் போர்த்தி அமுக்குவார். ஹோகன் திமிறி எழுந்து அந்தக் கொடியைக் கிழிப்பார். கூடம் முழுக்க விசில். சித்தப்பா மட்டும், "கொடியக் கிழிச்சா என் மூணு மாசச் சம்பளம் வந்துருமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி திண்ணைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி நான் பொம்மையை எடுத்துப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். அடுத்த நவராத்திரிக்கு அதை வெளியே எடுக்கவில்லை. பார்க் வாசல் காலி. சித்தப்பாதான் வந்து பார்த்துவிட்டு, "எங்கடா நம்ம ஆளு?" என்றார். நான் காரணம் சொன்னேன். "அவனும் வயித்துக்குத்தானடா வேஷம் போடுறான். நான் யார் வண்டிய ஓட்டுனேன்? எடுத்துட்டு வந்து நிறுத்து" என்றார். நிறுத்தினேன். சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு போன அத்தை அதே நாளில் அவரை மிதித்தாள் என்பது வேறு கதை. கட்டைவிரல் அதற்கு முன்பே போயிருந்தது. தென்னை ஈர்க்குச்சியைத் துப்பாக்கி என்று கையில் திணித்து நான் உடைத்தது.

உங்கள் பொம்மைக்கும் விரல் போனது இப்படித்தான் இருக்கும். இந்த வரிசையில் முதலில் உடைவது கட்டைவிரல். கைப்பிடி சின்னது, பிளாஸ்டிக் கெட்டியானது, சற்றே தடித்த எதைத் திணித்தாலும் பட்டென்று போகும். ஸ்லாட்டருக்குக் கையில் கொடுத்திருந்தது ஒரு சின்னப் பிரம்பு. அது தொலைந்தபின் பிள்ளைகள் கண்டதையும் செருகுவார்கள். விரலை ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். துண்டு கையில் இருந்தாலே நிற்காது.

நிஜ ஆட்களின் பொம்மை இந்த வரிசையில் இன்னொன்றும் உண்டு. வில்லியம் பெர்ரி, 'ஃபிரிஜ்' என்று பட்டப்பெயர், அமெரிக்கக் கால்பந்துக்காரர். 1986 ஜனவரியில் சிகாகோ அணி பெரிய கோப்பையை வென்றபோது ஆடியவர். 1987-இல் தபால் பொம்மையாக மட்டும் வந்தார், சங்கிலியில் கட்டிய ஒரு பந்தை ஆயுதமாகப் பிடித்துக்கொண்டு. ஃபிரிஜ் என்று பெயர் வைத்த ஆளுக்கு உருவத்துக்குத் தக்க பொம்மை. இதுபோக, 1987-இல் வந்த டன்னல் ராட் என்ற பொம்மையின் முகம், ஜோ காமிக்ஸ் எழுதிய லாரி ஹாமாவின் முகச்சாயல். பெயர் போடாமல் ஆளைப் போட்டுவிட்டார்கள்.

இனி ரிப்பேர். இதைத்தான் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

பொம்மையின் முதுகின் நடுவில் ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும். உடம்பு முன், பின் என்று இரண்டு பாதி. அந்த ஒரே ஸ்க்ரூதான் தலை, இரண்டு கை, எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. கால்கள் இரண்டையும் மேலே ஒரு சின்ன இரும்புக் கொக்கி இணைக்கிறது. அந்தக் கொக்கிக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம், ஓ-ரிங். ஜோ இடுப்பை வளைப்பதும் திரும்புவதும் உட்காருவதும் அந்த வளையத்தின் இழுவையில்தான். முப்பது முப்பத்தைந்து வருஷத்தில் ரப்பர் ஒன்று கல்லாகிவிடும், இல்லை கருப்பட்டிப் பாகாகிவிடும். உங்கள் ஏட்டையாவுக்கு இடுப்பு உடையவில்லை, ரப்பர்தான் போயிருக்கிறது. பத்து ரூபாய் வேலை.

வளையத்தின் அளவு: உள்விட்டம் அரை அங்குலம், வெளிவிட்டம் எட்டில் ஐந்து அங்குலம், கனம் பதினாறில் ஒரு அங்குலம். பைப் சாமான், மோட்டார் பம்பு உதிரி விற்கும் கடைகளில் கேட்டாலே கிடைக்கும். அளவு தெரியாவிட்டால் பழைய வளையத்தின் துண்டைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் "எந்த மோட்டாருக்குங்க?" என்று கேட்பார். "கொலு பொம்மைக்கு" என்று நான் சொன்னபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார். கனம் கூடின வளையத்தை வாங்கிவிடாதீர்கள். மூடும்போது நெஞ்சுக்கூடு சேராது. ஸ்க்ரூவை முறுக்கி இழுக்கத் தோன்றும். உள்ளே ஸ்க்ரூ ஏறும் பிளாஸ்டிக் குழல் விரிந்துவிடும். அத்தோடு கதை முடிந்தது. நான் இரண்டு பொம்மைகளை இப்படிக் கெடுத்திருக்கிறேன்.

ஸ்க்ரூவைக் கழற்ற வாட்ச் ரிப்பேருக்கு வைத்திருக்கும் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், தலைக்குச் சரியாகப் பொருந்துவதாக. துருப்பிடித்திருந்தால் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெயைக் குச்சிமுனையில் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். பின்பாதியை எடுக்கும்போது பொம்மையை மல்லாக்க வைக்காமல் குப்புறப் படுக்க வையுங்கள், தலையும் கையும் உருண்டு ஓடாமல் இருக்கும். எது எங்கே இருந்தது என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரப்பர் பிசினைப் பஞ்சால் துடைத்து எடுங்கள். புது வளையத்தைக் கால் கொக்கியில் மாட்டி, இடுப்புத் துண்டின் ஓட்டைக்குள் மேலே இழுக்க வேண்டும். இங்கேதான் எல்லாரும் தடுமாறுவார்கள், விரல் நுழையாது. எங்கள் அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. பட்டறையில் கிடந்த மெல்லிய வெள்ளிக் கம்பியை முனையில் வளைத்து, கொக்கி மாதிரி செய்து, ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்து காட்டினார். "கண்ணி கோக்கறதுதான" என்றார். செவ்வாய்ப்பேட்டையில் உங்களுக்கு அந்த மாதிரி ஒரு கை கிடைக்காமலா போகும்? இல்லையென்றால் கோணூசி போதும். இழுத்த வளையத்தை நெஞ்சுக்குள் இருக்கும் ஸ்க்ரூக் குழலில் மாட்டி, தலையையும் கைகளையும் குழியில் உட்காரவைத்து மூடுங்கள். ஸ்க்ரூ பிடித்ததும் நிறுத்திவிடுங்கள், இன்னும் ஒரு சுற்று என்று ஆசைப்படாதீர்கள்.

அழுக்குக்கு வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பிள்ளைகள் பல் துலக்கும் மெத்தென்ற பிரஷ். அவ்வளவுதான். தின்னர், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் இரண்டும் மீசையையும் சேர்த்து அழித்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மறுபடி அவரைக் கொலுப் பெட்டிக்குள் போடாதீர்கள். மண் பொம்மைக்கும் துணிக்கும் பூச்சி வராமல் இருக்க நாம் போடும் அந்துருண்டை பிளாஸ்டிக்குக்கு ஆகாது. அந்த ஆவியில் சில பிளாஸ்டிக்குகள் மேல்தோல் இளகிப் பிசுபிசுக்கும், அதன்மேல் சுற்றின நியூஸ்பேப்பர் எழுத்து அப்படியே ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஆளின் முதுகில் இன்றைக்கும் பாதி வரி விளம்பரம் தலைகீழாகப் படிக்கலாம். ரப்பர் பல்லி, ரப்பர் பாம்பு மாதிரி மெத்தென்ற பொம்மைகளோடு ஒட்டியும் வைக்கக் கூடாது. வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, தனி டப்பாவில், வெயில் படாத அலமாரியில்.

ஃபன்ஸ்கூல் கேள்வி பாக்கி இருக்கிறது. 1987-இல் எம்.ஆர்.எஃப்-உம் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. ஹாஸ்ப்ரோவின் அச்சுகளை வைத்து இந்தியாவிலேயே ஜோ பொம்மைகளைச் செய்து பல வருஷம் விற்றார்கள். நம் தலைமுறைப் பையன்கள் கையில் இருந்த ஜோக்களில் பெரும்பாலானவை அவைதான். வெளிநாட்டு விளையாட்டுச் சாமான்கள் தாராளமாகக் கடைக்கு வரத் தொடங்கியது 2001 ஏப்ரலில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகுதான். அதற்கு முன் வெளியூர் ஜோ ஒன்று சேலத்தில் இருந்தால், அது யாருடைய பெட்டியிலோ, பையிலோ, மடியிலோ வந்ததுதான். வளைகுடா, சிங்கப்பூர், சென்னை பர்மா பஜார், இல்லையென்றால் ஏற்காட்டு ஹாஸ்டலில் படித்த வெளிநாட்டுச் சொந்தக்காரப் பையன்கள் லீவு முடிந்து கொண்டுவந்து பண்டமாற்று செய்தவை. ஏற்காடு வழியாக வந்த ஜோக்கள் இரண்டை நானே பார்த்திருக்கிறேன். ஒன்றை மூன்று பாக்கெட் டிரம்ப் கார்டுக்கு மாற்றினதாக வைத்திருந்தவர் சொன்னார். ஆடிப் பண்டிகைக் கடையில் பாலிதீன் பையில் தொங்கும் பட்டாள பொம்மையோ என்று சந்தேகமே வேண்டாம். அதற்கு முதுகில் ஸ்க்ரூவும் இருக்காது, உள்ளே ரப்பரும் இருக்காது, பெயிண்டும் முன்பக்கம் மட்டும்தான்.

உங்களுடையது எந்த வழி என்பதை இரண்டு பேர்தான் சொல்ல முடியும். ஒன்று பொம்மையே. இடுப்புக்குப் பின்னால், பிட்டத்துக்கு மேலே, பொடி எழுத்தில் ஒரு வருஷமும் நாட்டின் பெயரும் பதித்திருக்கும்; சாய்ந்த வெளிச்சத்தில், லென்ஸ் வைத்துப் பாருங்கள். அந்த வருஷம் அச்சு செய்த வருஷம், பொம்மை வார்த்த வருஷம் இல்லை, குழம்பிக்கொள்ள வேண்டாம். இன்னொருவர் உங்கள் மாமா. பொம்மை யார் கொடுத்தது என்று கேளுங்கள். கேட்கும்போது இந்த மல்யுத்தம், ஈராக் கதையெல்லாம் முதலில் எடுத்துவிடாதீர்கள். அவருக்கு அது ஏட்டையாவாகவே இருக்கட்டும். இடுப்பை மாட்டி, நிற்கவைத்து, கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.